பிரேக் அக்காவும் கதவில்லாத மன்றமும்

நல்லது செய்ய வருகிறவர்களை வேற்றுநாட்டு உளவாளிகளைப் போல் பார்ப்பதற்கு இந்தத் தீவில் ஒரு பரிசு இருக்குமானால், அதை ஆண்டுதோறும் பிரேக் அக்காதான் தட்டிச் செல்வார். இரண்டாம் பரிசுக்குப் போட்டியிடக்கூட ஆள் கிடைக்காது.

அவருடைய உண்மைப் பெயர் எங்கள் மன்றத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தொழில், கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? அதை வருடக்கணக்காக மிதித்து மிதித்து அவருடைய வலது கால் தனக்கென்று ஒரு சுபாவத்தை வளர்த்துக்கொண்டுவிட்டது. பேருந்தில் உட்கார்ந்தாலும் தரையை மிதிப்பார். கூட்டத்தில் யாராவது உற்சாகமாக ஒரு யோசனை சொன்னால் மேசைக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். யோசனை சொன்னவர் அத்துடன் நிறுத்திக்கொள்வார்.

மன்றம் என்று நான் சொல்வது சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேலே இருந்த ஒரு கடைவீட்டு மாடியை. சனிக்கிழமைப் பிற்பகல்களில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே நாடகமும் மேடைப்பேச்சும் சொல்லிக்கொடுப்போம். சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாரும் தொண்டூழியர்கள். சம்பளம் கிடையாது, மசால்வடை உண்டு. அந்தத் தொண்டூழியர்களைத் தேர்ந்தெடுப்பது, கண்காணிப்பது, சரியில்லை என்றால் கழற்றிவிடுவது எல்லாம் பிரேக் அக்காவின் பொறுப்பு.

நான் சேரப் போன அன்று, செங்காங்கிலிருந்து ரயிலேறி, பத்திரிகைகளில் வந்த என் கட்டுரைகளை எல்லாம் கத்தரித்து ஒட்டிய ஒரு கோப்போடு போய் உட்கார்ந்தேன். அக்கா அதைத் திறக்கவே இல்லை.

“பிள்ளைங்கள ரொம்பப் பிடிக்குமோ?” என்றார்.

“ரொம்பப் பிடிக்கும்க்கா.”

“எதுக்கு?”

வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. “சும்மா... பிடிக்கும்” என்றேன்.

டக்.

“சரி. ஒரு பிள்ளை வந்து, யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, ஒன்னு சொல்றேன்னு கேக்குது. என்ன செய்வீங்க?”

இது எனக்குத் தெரிந்த பாடம். நிமிர்ந்து உட்கார்ந்து, “சத்தியம் பண்ணுவேன். உயிரே போனாலும் வெளிய சொல்லமாட்டேன்” என்றேன்.

“ஃபெயில்.”

“என்னக்கா?”

“நீங்க வெளிய சொல்லலன்னா அந்தப் பிள்ளைக்கு யாரு உதவி செய்வா? சத்தியம் பண்ணக்கூடாது தம்பி. யாருக்குச் சொல்லியாகணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன்னு முன்கூட்டியே சொல்லிடணும்.”

“அப்படிச் சொன்னா பிள்ளை ஒன்னும் சொல்லாமப் போயிடுமே?”

“போகலாம். ஆனா நீங்க அதுகிட்ட பொய் சொன்ன ஆளா இருக்கமாட்டீங்க.”

ஒன்றும் புரியாமல் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் என் பழைய மேலாளர் பதறிப்போய் போன் செய்தார். “டேய், யாரையாச்சும் அடிச்சிட்டியா? ஒரு அம்மா போன் போட்டு, இவருக்குக் கோவம் வந்தா என்ன செய்வாரு, யாரும் பார்க்காதப்ப எப்படி நடந்துக்குவாருன்னு குடையுது. போலீஸாடா?” என்றார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனாலும் எப்படியோ என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்ந்த முதல் சனிக்கிழமை மாடியில் ஒரே கூச்சல். நாடக உடுப்புகளும் கிரீடங்களும் வைத்திருந்த அறைக்குக் கதவைக் காணோம். கட்டடச் சொந்தக்காரரான சீனப் பெரியவர் வெறும் நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, மை டோர் வேர்?”

“கழட்டிட்டேன் அங்கிள். இருந்தா மூடுவாங்க. மூடினா உள்ள யாரு இருக்கா, பெரியவங்களா பிள்ளைங்களான்னு தெரியாது” என்று பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும் விளக்கினார் அக்கா. பெரியவர் என்னைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன். அக்கா அவருக்கு இஞ்சி டீ வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் பேசினார். கடைசியில் பெரியவர், “ஓக்கே லா. பட் டோன்ட் த்ரோ மை டோர்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்தக் கதவு பிறகு எங்கள் நாடகங்களில் அரண்மனைச் சுவராகவும் கப்பலாகவும் ஒருமுறை யானையாகவும் நடித்தது.

இன்னொரு நாள், பரிசளிப்புக்கு ஒரு சிறப்பு விருந்தினர் வந்தார். ஊரில் பெரிய புள்ளி. தலைவர் அவருக்கு மாலை போட்டார். தலைவர் என்றால் எங்கள் மன்றத் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈயைக்கூட ‘கொஞ்சம் தள்ளிப் போம்மா’ என்று சொல்லி ஓட்டுகிற மனிதர். அவர் போட்ட மாலைக்கு மேல் பிரேக் அக்கா ‘வருகையாளர்’ என்று எழுதிய ஓர் அட்டையை மாட்டினார். விருந்தினர் கழிவறைக்குப் போனபோது பின்னாலேயே போய் வாசலில் நின்றுகொண்டார்.

தலைவர் ஓடிவந்து, “ஏம்மா, அவர் எவ்வளவு பெரிய மனுஷர்!” என்று கிசுகிசுத்தார்.

“பெரிய மனுஷர்னு எழுதின அட்டை நம்மகிட்ட இல்ல ஐயா. வருகையாளர் மட்டும்தான் இருக்கு.”

இவரிடம் எப்படி நல்ல பெயர் வாங்குவது என்பது பிடிபடவே இல்லை. விதிகளை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் போதும் என்று ஒரு கட்டத்தில் முடிவு செய்தேன். புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு சமூகக் கூடத்தில் ஒத்திகை. கீழே மின்தூக்கியில் ஏறினேன். கதவு மூடப்போகும் நேரத்தில் எங்கள் மாணவன் ஒருவன் தனியாக உள்ளே வந்தான். பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது என்பது விதி. “ஐயோ!” என்று அலறிக்கொண்டு வெளியே குதித்தேன். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. படியேறி, மூச்சு வாங்க, ஒற்றைச் செருப்போடு மேலே போய்ச் சேர்ந்தபோது அக்கா மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன தம்பி இது?”

“விதி அக்கா. பிள்ளையோட தனியா இருக்கக்கூடாதுல்ல?” என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

“கேமரா வச்ச லிஃப்ட் லா அது, கண்ணாடிக் கதவு வேற. பேயப் பார்த்த மாதிரி குதிச்சு ஓடினா அந்தப் பையன் என்ன நினைப்பான்? தன் மேல ஏதோ தப்புன்னு நினைக்கமாட்டான்? போங்க, போய் அவன்கிட்ட சிரிச்சு ரெண்டு வார்த்தை பேசுங்க. எல்லாரும் இருக்கிற இடத்துல வச்சு.”

போய்ச் சிரித்தேன். அவன் ஓரடி பின்வாங்கி, “அங்கிள், ஆர் யூ ஓக்கே?” என்றான்.

இந்த விதிகள் எல்லாம் பிள்ளைக்காகத்தான், நம்மைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அல்ல என்று அப்போது புரிந்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகும் ரயிலில் மறுபடி குழம்பிவிட்டது.

இத்தனை கெடுபிடிக்கு நடுவில் எங்கள் மன்றத்தில் கெடுபிடியே இல்லாத ஓர் ஆளும் இருந்தார். குமரன், பிரேக் அக்காவின் சொந்தத் தம்பி, நாடகப் பயிற்றுநர். அம்மா சீக்கிரம் போய்விட, பள்ளிக்கு அனுப்பி, சோறு போட்டு, சட்டை தேய்த்துக் கொடுத்து அவரை வளர்த்தது அக்காதான். குமரன் பாடுவார், ஆடுவார், மூன்று குரலில் பேசுவார். பிள்ளைகள் அவருக்காகவே தீவின் வடகோடியில் உள்ள உட்லண்ட்ஸிலிருந்தெல்லாம் வந்தார்கள். பெற்றோர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி நடத்தினார்கள். எனக்கும் அவர்மேல் கொஞ்சம் பொறாமை, நிறையப் பிரியம்.

இனி சொல்லப் போவதை அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “என்னைப் பத்தி என்ன வேணாலும் எழுதிக்குங்க. ஆனா அந்தப் பிள்ளை இதைப் படிச்சா, இது நான்தானான்னு அதுக்கே சந்தேகம் வரணும்” என்றார். அதனால் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எதை எதை மாற்றினேன் என்று எனக்கே இப்போது சரியாக நினைவில்லை.

ஒரு சனிக்கிழமை மன்ற மாடியில், கூடத்தின் ஒரு மூலையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நான் ஜன்னலோரம் வசனங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாகவே அவள் கலகலப்பாக இல்லை. நல்ல வேடம் ஒன்றை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

“அங்கிள், ஒன்னு சொல்லணும். யாருகிட்டயும் சொல்லமாட்டீங்கதானே?”

எத்தனை பயிற்சி கொடுத்தார்கள்! ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. “இல்லம்மா... சொல்லுவேன். எல்லாருக்கும் இல்ல. உனக்கு உதவி செய்ய வேண்டியவங்க யாரோ, அவங்களுக்கு மட்டும்” என்று உளறினேன்.

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. எதிர்பார்த்ததைவிட நிம்மதியாகத் தலையாட்டினாள்.

“குமரன் அண்ணா எனக்குத் தனியா மெசேஜ் பண்றாரு அங்கிள். படிச்ச உடனே டிலீட் பண்ணிடுங்கிறாரு. ரிப்ளை பண்ணலன்னா கோவிச்சுக்கிறாரு. அக்காவுக்குத் தெரிஞ்சா நாடகத்தையே நிறுத்திடுவாங்க, எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்கன்னு சொல்றாரு. ஐ டோன்ட் லைக் இட்.”

“நீ சொன்னது நல்லதும்மா. உன்மேல தப்பில்ல” என்றேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. ‘மற்றவங்களோட போய் இரும்மா’ என்று அவளை ஒத்திகைப் பக்கம் அனுப்பிவிட்டு, அங்கே இருந்த ஆசிரியையிடம் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

இப்படி எதுவும் தெரிந்தால் உடனே பிரேக் அக்காவிடம் சொல்ல வேண்டும். அது எங்களுக்கு மனப்பாடம். ஆனால் சொல்ல வேண்டியதே அவருடைய தம்பியைப் பற்றி என்றால்? அக்கா கீழே ஐந்தடிப் பாதையில், கடைகளின் வாசலை ஒட்டிய நடைபாதையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போனேன். பூக்கடைவரை போய்த் திரும்பினேன். மறுபடி தாண்டினேன்.

“என்ன தம்பி, வழி தெரியலயா?” என்றார்.

சொன்னேன். பெயரைச் சொன்னதும் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பிள்ளை இப்ப எங்க?”

“மேல, எல்லாரோடயும் இருக்குக்கா.”

“அவன்?”

“இன்னும் வரல.”

“பிள்ளைகிட்ட துருவித் துருவிக் கேட்டீங்களா?”

“இல்ல.”

“நல்லது. இதுக்கு மேல என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாதீங்க. நான் அவன் அக்கா. நான் கேக்கக்கூடாது.”

நேரே மாடிக்குப் போய்த் தலைவருக்கு முன்னால் நின்றார். “ஐயா, ஒரு பிள்ளை குமரனைப் பத்திச் சொல்லியிருக்கு. இவர் உங்ககிட்ட விவரம் சொல்வாரு. நான் இதுலேர்ந்து விலகிக்கிறேன். இன்னையிலேர்ந்து அவன் இந்த மாடி ஏறக்கூடாது. பிள்ளையோட அப்பா அம்மாவுக்குச் சொல்லணும். வெளிய இதை விசாரிக்கிறதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க, அவங்களுக்கும் இன்னைக்கே சொல்லணும். நாளைக்கு இல்ல.”

தலைவர் வியர்த்துப்போனார். “நாடகம் அடுத்த மாசம் இருக்கேம்மா. நம்ம குமரன்தானே, கூப்பிட்டு வச்சுப் பேசிப் பார்த்தா...”

“குமரனுக்கு நாம எல்லாரும் இருக்கோம் ஐயா!” அக்கா குரலை உயர்த்தி அன்றுதான் கேட்டேன். “அந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா?”

தலைவர் போனை எடுத்தார். குமரன் வந்தபோது அவரும் இன்னொரு செயற்குழு உறுப்பினரும் கீழேயே நிறுத்திப் பேசி அனுப்பினார்கள். அந்த நேரம் முழுக்க அக்கா உடுப்பு அறையில் கிரீடங்களுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவு இல்லாததால் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த வலது கால் அசையவே இல்லை.

அடுத்த வாரம் பெற்றோர்கள் படையெடுத்து வந்தார்கள். தலைவர் எழுந்து, “விசாரணை நடக்கிறது. அவர் தப்பு செஞ்சார்னும் சொல்லமாட்டோம், செய்யலன்னும் சொல்லமாட்டோம்” என்றார்.

“அப்ப என்னதான் சார் சொல்வீங்க?” என்று ஒரு அப்பா கத்தினார்.

“அதையும் சொல்ல முடியாதுங்க” என்றார் தலைவர் பரிதாபமாக.

வதந்திகள் கிளம்பின. அக்காவுக்கும் தம்பிக்கும் வீட்டுத் தகராறு என்றார்கள். தம்பிக்குக் கிடைக்கும் கைத்தட்டலைப் பார்த்து அக்காவுக்கு வயிற்றெரிச்சல் என்றார்கள். ஒரு அம்மா அவர் முகத்துக்கு நேரே, “கூடப் பொறந்தவனையே துரத்தின பொம்பள, எங்க பிள்ளைங்கள எப்படிப் பார்த்துக்கும்?” என்று கேட்டார்.

அக்கா தட்டை நீட்டி, “வடை சூடா இருக்கு, எடுத்துக்குங்க” என்றார்.

எனக்கு உண்மை தெரியும், சொல்லக்கூடாது. சொல்லாமல் இருப்பது சரியா என்றும் தெரியவில்லை. நாம் ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டு ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டோமோ என்று சாப்பிடும்போதெல்லாம் தோன்றும். ஒருநாள் தாங்காமல், “அக்கா, என்மேல கோவமா? அந்த விஷயத்துல...” என்று ஆரம்பித்தேன்.

“எந்த விஷயம்?”

“அதான்...”

“எனக்கு எந்த விஷயமும் தெரியாது. ஆமா, அடுத்த வாரம் புதுத் தொண்டூழியருங்களுக்குப் பயிற்சி. நீங்களும் வாங்க.”

“நான்தான் எப்பவோ முடிச்சிட்டேனேக்கா?”

“குழப்பத்துல இருக்கீங்கல்ல, அதுக்குத்தான்.”

நாடகத்தை யார் நடத்துவது? யாரும் முன்வராததால் பிரேக் அக்காவே இயக்குநரானார். நாடகம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. தெரிந்ததை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். “திரும்புறதுக்கு முன்னாடி தோளுக்குப் பின்னால பாருடா! தளபதி, நீ மெயின் ரோட்ல வர்ற, ராஜா சைட் ரோடு, அவர்தான் நிக்கணும்!” மேடையில் ராஜா நின்று, இருபக்கமும் பார்த்து, தளபதிக்கு வழிவிட்டுவிட்டுத்தான் அரியணை ஏறினார். வாள்சண்டையில் ஒருவரும் தடம் மாறவில்லை. அது துயர நாடகம். பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளைகளும் மேடையிலேயே சிரித்துவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் நடித்தார்கள். எல்லாரும் என்றால் எல்லாரும்தான்.

சில மாதங்கள் கழித்துத் தலைவர் என்னைத் தனியாக அழைத்து, விசாரித்தவர்களின் முடிவைச் சொன்னார். குமரன் இனிமேல் எங்கேயும் பிள்ளைகளோடு வேலை செய்ய முடியாது. நமக்குத் தெரிந்தது ஒரு பிள்ளைதான், ஆனால் அவர் அப்படி நடந்துகொண்டது அந்த ஒரு பிள்ளையிடம் மட்டும் இல்லை. அவ்வளவுதான் சொன்னார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. சண்டை போட்டு, நாடகம் முடிந்ததும் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டவர்களில் பலர் சத்தமில்லாமல் அவர்களைத் திரும்ப அனுப்பினார்கள். முகத்துக்கு நேரே கேட்ட அந்த அம்மா ஒருநாள் ஒரு டப்பா கேசரியோடு வந்து, அக்காவின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தீபாவளிக்கு அக்கா வீட்டுக்கு உறவினர் யாரும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். சொந்தத் தம்பியைக் காட்டிக்கொடுத்தவர் என்று பேச்சு. என் மனைவி உடனே போனை எடுத்து, “அக்கா, மத்தியானம் சாப்பிட வந்துடுங்க” என்றாள். முடியாது என்பார் என்று நினைத்தேன். புதுப் புடவையில், கை நிறைய முறுக்கோடு வந்து நின்றார்.

நன்றாகச் சாப்பிட்டார். என் மகளின் கல்லூரிக் கதைகளைக் கேட்டுச் சிரித்தார். மேசையில் கவிழ்த்து வைத்திருந்த போனை ஒரே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்தார். மனைவி பாயசம் ஊற்றியபோது மட்டும், யாரையும் பார்க்காமல், “குமரனுக்குப் பாயசம்னா உசுரு” என்றார். மனைவி இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவர் இரண்டு கிண்ணம் குடித்தார்.

நான் பாத்திரங்களை எடுத்துவைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, சோபாவில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தார். கண்ணை மூடி நாங்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. என் மகள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து, பிறகு அணைத்தே விட்டாள். மனைவி ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். அன்று பிற்பகல் முழுவதும் எங்கள் வீட்டில் மூன்று பேரும் சமையலறையில் நின்றுகொண்டு, கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தோம்.